டிப் மாற்றும் பெட்டி: ஐந்தில் ஒன்றுதான் தேறியது

பூல் மேசையாட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ; அதன் முனையில் ஒட்டும் தோல் வில்லைதான் டிப். என் பூல் கியூவுக்கு இதுவரை நான்கு முறை டிப் மாற்றியாகிவிட்டது. முதல் இரண்டு முறை பிறர் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு முறையும், இணையத்தில் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பெட்டியைக் கொண்டு நானே மாற்றினேன். அந்தப் பெட்டியைப் பற்றியதே இந்த மதிப்புரை. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ இதே சாமான்கள் பல பெயர்களில் விற்கப்படுவதால், சொன்னாலும் பெரிய பயனில்லை. உள்ளே 13 மி.மீ. தோல் டிப்புகள் பத்து, சிறு குழாயில் பசை, திருகு வைத்த கவ்வி, பென்சில் சீவியைப் போன்ற ஓரம் சீவும் கருவி, டிப்பைத் தேய்த்து வளைவாக்கும் அலுமினிய சேப்பர் ஆகியவை இருந்தன.

பிறரை நம்பாமல் நானே இறங்கியதற்குக் காரணம் உண்டு. பூலைப் போன்ற இன்னொரு மேசையாட்டமான ஸ்னூக்கர் ஜபல்பூரில் பிறந்து ஊட்டியில் வளர்ந்தது என்பதாலோ என்னவோ, நம் ஊர்க் கூடங்களில் டிப் ஒட்டுபவர்களின் கை ஸ்னூக்கர் கியூவுக்கே பழகியிருக்கிறது. அதன் டிப் பெரும்பாலும் 9 முதல் 10 மி.மீ. அகலம், பூல் கியூவுக்கோ 12 முதல் 13 மி.மீ. பழகிய கை அகலமான டிப்பையும் அதே கணக்கில் குவித்துவிடும். எனக்கு ஒட்டிக் கொடுத்தவர் நல்ல வேலைக்காரர்தான். ஆனாலும் கியூ கைக்குத் திரும்பியபோது அதன் முனை குண்டூசித் தலையைப் போல இருந்தது.

பெட்டியில் மிக மோசமானது கவ்விதான். பசை உலரும் வரை டிப்பை அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. திருகை முறுக்கும்போது அழுத்தம் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக இழுப்பதால், டிப் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டராவது நகர்ந்துவிடுகிறது. இரண்டாம் முறை கவ்வியைத் தொடவே இல்லை. டிப்பை வைத்து, கியூவைத் தலைகீழாகப் பிடித்து, சமமான பலகைமேல் ஒரு நிமிடம் ஊன்றி அழுத்தினேன்; அதுவே போதுமானதாக இருந்தது.

பசையும் அப்படித்தான். அது தண்ணீர்போல நீர்த்திருந்ததால் தோலுக்குள் ஊறி, டிப்பின் அடிப்பாதியைக் கல்லாக்கிவிட்டது. மெத்தென்ற டிப் வேண்டும் என்று வாங்கிவிட்டு அதை நாமே கெட்டியாக்குவதில் பொருளில்லை. கூழ் வடிவில் வரும் உடனடிப் பசை ஊறாமல் மேலேயே நிற்கும். எந்தப் பசையானாலும் ஒட்டப்படும் இரண்டு முகங்களும் சமமாக இருப்பது அதைவிட முக்கியம். பழைய டிப்பைப் பிளேடால் எடுத்த பிறகு, ஃபெரூலின்மேல், அதாவது உலக்கைக்குப் பூண் போலக் கியூவின் முனையில் இருக்கும் வெள்ளை வளையத்தின்மேல், காய்ந்த பசை திட்டுத்திட்டாக நிற்கும். அதைத் துளி மிச்சமின்றிச் சுரண்ட வேண்டும். டிப்பின் அடிப்பக்கத்தை, கண்ணாடித் துண்டின்மேல் விரித்த உப்புத்தாளில் எட்டுப்பத்து முறை தேய்த்தால் போதும். நானே ஒட்டிய முதல் டிப் பதினோராம் நாள் கழன்று விழுந்ததற்கு, இந்தச் சுரண்டலில் நான் காட்டிய சோம்பலே காரணம். பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

ஓரம் சீவும் கருவி ஃபெரூலில் மெல்லிய கீறல் ஒன்றை நிரந்தரமாக விட்டுச் சென்றது. அதற்குப் பதிலாக, ஃபெரூலைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, டிப் பலகையில் படும்படி கியூவைக் கவிழ்த்து, புதுப் பிளேடைப் பலகையை நோக்கிக் கீழே இறக்கிச் சீவினால் ஓரம் சுத்தமாக வருகிறது. பிறகு ஓரத்தை எச்சிலால் சற்று ஈரமாக்கி, பழைய தோல் வாரால் சூடு ஏறும் வரை தேய்த்தால் தோல் இறுகிப் பளபளக்கும். இதைச் செய்யாத டிப் சீக்கிரமே காளான் குடைபோல விரிந்துவிடும்.

இனி சேப்பர். பெட்டியின் விலையில் பாதியை இதற்கே கொடுக்கலாம். விரல் நீளமுள்ள இந்தக் கருவியின் குழிவான முகத்தில் அரத்தைப் போன்ற சொரசொரப்பு இருக்கிறது. கியூவைத் தொடையின்மேல் உருட்டியபடி இதை டிப்பின்மேல் வைத்து லேசாகத் தேய்த்தால், இரண்டு நிமிடத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வளைவு கிடைக்கிறது. எந்த அளவு வளைவு என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து அதன் ஆரத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது 14 மி.மீ. அளவுக்கு விலகி அடிப்பதே ஸ்பின்னுக்கு எல்லை. அதைத் தாண்டினால் வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் சாக் பொடியை எவ்வளவு தடவியிருந்தாலும் டிப் வழுக்கிவிடும். அந்த எல்லையில் பந்தின் பரப்பு 30 பாகை சாய்ந்திருக்கும். டிப்பின் ஓரச்சரிவு அதைவிடக் குறைவாக இருந்தால், தோலின் முகத்துக்குப் பதிலாக விளிம்புதான் பந்தில் படும்.

அமெரிக்க ஆட்டக்காரர்கள் இந்த வளைவைக் காசால் அளப்பார்கள். நிக்கல் எனப்படும் 5 சென்ட் காசின் விட்டம் 21.2 மி.மீ.; டைம் எனப்படும் 10 சென்ட் காசுக்கு 17.9 மி.மீ. நம் 2011 வரிசை ஒரு ரூபாய்க் காசின் விட்டம் 22 மி.மீ.க்குச் சற்றே குறைவு. அதை டிப்பின் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, இடைவெளி தெரியாத வரை தேய்த்தேன். 13 மி.மீ. டிப்பில் அந்த வளைவு ஓரத்தில் 36 பாகைச் சரிவைத் தருகிறது. 30 பாகைக்கு அது தாராளம். சேப்பரில் டைம் அளவுக் குழிவும் இருக்கிறது. ஆனால் அவ்வளவு கூர்மையாக்கினால் தோல் வீணாவதுடன், டிப்பின் ஆயுளும் குறைகிறது.

பெட்டியில் இருந்த பத்து டிப்புகளில் இரண்டை ஒட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஒதுக்கிவிட்டேன். ஒன்று இரும்பு, மற்றொன்று பஞ்சு. ஒரே பையில் வந்தவை இப்படி இருந்தால் கைப்பழக்கம் எப்படி வரும்? அடுத்த முறை எல்க் மாஸ்டர் ஒட்டப்போகிறேன். ஒற்றைத் தோலால் ஆன அந்த மென்மையான டிப், ஜப்பானின் கமுய் போன்ற பன்றித்தோல் அடுக்கு டிப்புகளின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. முதல் சில நாள்களில் அது அமுங்கி ஓரம் பிதுங்கும் என்பதால், ஒருமுறை கூடுதலாகச் சீவ வேண்டியிருக்கும். அதற்காகவே 13 மி.மீ. கியூவுக்கு 14 மி.மீ. டிப் வாங்குவது வழக்கம்.

சேப்பர் தனியாகவும் விற்கிறது. அதோடு கூழ்ப் பசை, ஒரு தாள் உப்புத்தாள், இரண்டு பிளேடு, விருப்பமான டிப் என்று வாங்கினால் பெட்டியின் விலைக்குள் அடங்கும். காசு ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.