பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் பழைய அலைக் கணக்கு: எதை எடுக்கலாம்?

கோடை வந்தா பழவேற்காடு முகத்துவாரம் மணல் ஏறி அடைச்சுக்குது, படகு வெளிய போக முடியாது. ஏன்னு சரியா பார்க்கணும்னா முப்பது நாப்பது வருஷத்து அலைக் கணக்கு வேணும், அது நேரா கிடைக்காது, ஏதாச்சும் ஒண்ணை வச்சு கட்டி எழுப்பணும்.

எல்லாரும் முதல்ல ஓடுறது ஈஆர்ஏ5-க்கு. ஐரோப்பிய வானிலை மையம் பழைய வானிலையை கம்ப்யூட்டர் மாடல்ல திரும்பக் கணக்குப் போட்டு வச்ச டேட்டா, 1940-ல இருந்து மணிக்கு மணி அலையோட உயரம், பீரியட் (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல உள்ள நேரம்), திசை மூணும் இருக்கு, அதுவும் ஓசியில. ஆனா அலைக்கு அவங்க குடுக்கிற கட்டம் அரை டிகிரி, அதாவது சுமார் 55 கிலோமீட்டர், சென்னையில இருந்து பழவேற்காடு போற தூரத்துக்கு கிட்டத்தட்ட ஒரே புள்ளி! ஆழ்கடலுக்கு அது போதும். கரையோர மணல் திட்டெல்லாம் அதுக்குத் தெரியவே தெரியாது.

சாட்டிலைட் ஆல்டிமீட்டர், அதாவது வானத்துல இருந்து ரேடார்ல அலை உயரம் அளக்கிற கருவி? 1992-ல டோபெக்ஸ் பொசைடன் சாட்டிலைட், அப்புறம் ஜேசன் வரிசை. நிஜமா அளந்ததுதான், ஆனா ஒரே தடத்துக்கு பத்து நாளைக்கு ஒருக்காதான் வரும், கரைகிட்ட நிலம் குறுக்க வந்து சிக்னல் கெட்டுடும், முக்கியமா திசை கிடைக்காது. செக் பண்ண மட்டும் வச்சுக்கலாம்.

திசைன்னு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, அந்தக் கரை ஏறக்குறைய வடக்கு தெற்கா ஓடுது, வருஷத்துல பெரும்பாலும் தென்கிழக்குல இருந்து வர்ற அலை மணலை வடக்க தள்ளும், வடகிழக்கு பருவமழை காலத்துல அதே மணல் தெற்க திரும்பும், இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய நிகர கணக்கு. அலை கரையை மோதுற கோணம் சின்னது, அதுல சில டிகிரி தப்பினா மணல் போற பக்கமே மாறிடும். உயரத்துல பத்து சதவீதம் தப்பு இருந்தா கூட சமாளிக்கலாம், இதை சமாளிக்க முடியாது.

அதனால என் ஓட்டு ஸ்வான்ங்கிற கரையோர அலை கணக்கிடுற கம்ப்யூட்டர் மாடலுக்கு. நெதர்லாந்து டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது, அதுவும் இலவசம்தான். ஈஆர்ஏ5 அலையை ஆழ்கடல் விளிம்புல குடுத்துட்டா, ஆழம் குறையக் குறைய அலை எப்படி வளையுது, எங்க உடையுதுன்னு அது பார்த்துக்கும். நேரம் தின்னும், லேப்டாப் அனலா கொதிக்கும், அது வேற கதை.

புயல் நாளுக்கு மட்டும் தனியா பண்ணுங்க. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி புயல்ல ஈஆர்ஏ5 காத்து உச்சத்தை மழுப்பிடும், காத்துக்கு அதுல உள்ள 31 கிலோமீட்டர் கட்டத்துல புயல் கண்ணோட சுவர் எங்க அடங்கும்? வானிலைத் துறையோட புயல் பாதையை எடுத்து புயலைச் சுத்தி காத்து வேகத்தைக் கணக்கிடுற ஹாலண்ட் ஃபார்முலால காத்து போட்டு ஸ்வானை ஓட்டுனா தேவலாம்.

என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) கடல்ல போட்டிருக்கிற மிதவை டேட்டா இருந்தா சரிபார்க்க அதை விட நல்லது இல்ல, நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும், பரவாயில்ல. ஸ்வானுக்குக் குடுக்கிற கடல் ஆழ சர்வே மட்டும் எந்த வருஷத்து, எந்த மாசத்துதுன்னு கேட்டு வாங்குங்க, ஒரு மழைக்கு முன்னாடி எடுத்ததும் பின்னாடி எடுத்ததும் அந்த முகத்துவாரத்துக்கு ஒண்ணு இல்ல.