வாக்கிங் மட்டும் போதுமா, வெயிட்டும் தூக்கணுமா? 60 தாண்டின அம்மாக்களுக்கு எது சரி

"டெய்லி நடக்கறேனே, அது பத்தாதா?"ன்னு எங்க அம்மால இருந்து பக்கத்து ஃப்ளாட் மாமி வரைக்கும் எல்லாரும் கேக்கறாங்க. நாகேஸ்வர ராவ் பார்க், பனகல் பார்க், எலியட்ஸ் பீச்னு காலைல எங்க போனாலும் வயசான பெண்கள் விறுவிறுன்னு நடக்கறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா அவங்கள்ல பல பேருக்கு தரைல உக்காந்தா கையூனாம எந்திரிக்க முடியல, பஸ்ல முதல் படி ஏற கம்பிய பிடிச்சு இழுத்துக்க வேண்டியிருக்கு. நடை இருக்கு, கால்ல பலம் இல்ல.

வாக்கிங்க குறை சொல்ல மாட்டேன். மூச்சு, இதயம், சுகர், பிபி எல்லாத்துக்கும் நல்லது, செலவும் கிடையாது, கூட பேசிட்டு வர ஆள் இருந்தா விட்டுப்போகவும் செய்யாது. ஆனா சமதரைல நடக்கறப்ப தொடைக்கும் இடுப்புக்கும் பெருசா சுமையே ஏறாது, மாதவிடாய் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் குறைஞ்சு எலும்பு வேகமா தேயுது, தசையும் வருஷத்துக்கு வருஷம் குறையுது, அதுக்கு சுமை குடுத்தே ஆகணும்.

சரி, வெயிட் மட்டும் பண்ணா? பலம் கண்டிப்பா வரும். 1990ல அமெரிக்காவுல 90 வயசுல இருக்கறவங்களுக்கே 8 வாரம் வெயிட் பயிற்சி குடுத்து பலம் கூடினத காட்டிட்டாங்க, அதனால "இனிமே எதுக்கு"ங்கற பேச்ச நான் ஏத்துக்கவே மாட்டேன். ஆனா மாம்பலம் ஸ்டேஷன் பாலத்துல பையோட ஏறி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குதே, அத வெயிட் மட்டும் முழுசா சரி பண்ணாது.

ரெண்டும் சேத்தாதான் ஜெயிக்குது. 2017ல வெளியான ஒரு ஆய்வுல 65 தாண்டின, உடல் பருமன் இருக்கற ஆண் பெண் 160 பேர எடுத்து, சாப்பாட்டையும் குறைச்சு, 6 மாசம் பாத்தாங்க. அன்றாட வேலை செய்யற திறன் சோதனைல ஏரோபிக் (வேகமா நடக்கற மாதிரி மூச்சு வாங்க வைக்கற பயிற்சி) மட்டும் பண்ணவங்களுக்கும் வெயிட் மட்டும் பண்ணவங்களுக்கும் 14% கூடுச்சு, ரெண்டும் பண்ணவங்களுக்கு 21%. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டினவங்களுக்கு வாரம் 150 நிமிஷம் மிதமான வேகத்துல நடை மாதிரி பயிற்சி, 2 நாளாவது தசைப் பயிற்சி, 3 நாளாவது பேலன்ஸ் பயிற்சின்னு சேத்துதான் சொல்லுது.

ஜிம்முக்கு போகணும்னு இல்ல. சுவத்தோட ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலில உக்காந்து எந்திரிக்கறது, சுவத்துல கைய வச்சு புஷ்அப், கைக்கு ஒண்ணா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில தூக்கறது, கிச்சன் மேடைய பிடிச்சுக்கிட்டு குதிகால தூக்கறது, இவ்ளோதான். ஈஸியா ஆச்சுன்னா எண்ணிக்கையயோ சுமையயோ கூட்டணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் பலன் இல்லங்கறாங்க. தூக்கறப்ப மூச்ச அடக்கக்கூடாது, பிபி எகிறும்.

உங்க நிலைமை தெரியணும்னா கைய மார்ல கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தன தடவ நாற்காலில இருந்து எந்திரிக்க முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும். 65ல இருந்து 69 வயசு பெண்ணுக்கு 11க்கு கீழ வந்தா சராசரிக்கும் குறைவுன்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கு வச்சிருக்கு.

நேரமே இல்லங்கறவங்க வாக்கிங் நாள்ல ரெண்ட எடுத்து இந்த வெயிட் பயிற்சிக்கு குடுங்க, மீதி நாள் நடங்க. மூட்டு ஆபரேஷன் ஆனவங்க, எலும்பு ரொம்ப தேஞ்சவங்க, நெஞ்சு வலி வந்தவங்க மட்டும் டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.