'புறப்பட்டது' என்று பொய் சொல்லும் செயலி: ஒன்றரை வருடத் தண்ணீர் கேன் அனுபவம்

நெல்லிக்குப்பத்தில் தண்ணீர் கேன் போடும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அந்த ஆர்டர் சாப்ட்வேர் மாசம் 1,499ல இருந்து 899க்கு இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" என்றார். எடு, எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தவன் முக்கால் மணி நேரம் பேசினேன். பாதிக்கு மேல் திட்டுதான். அவர் குழம்பிப்போய், "சரிண்ணே, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அவருக்காகவும், விலை குறைப்பைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று தெரியவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சண்டை போட எனக்கு நேரமில்லை.

கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். 20 லிட்டர் கேன் மட்டும்தான். ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி), இரண்டு லோடு ஆட்டோ, ஓட்டிப் போட மூன்று பேர். சாதாரண நாளில் 120 கேன் போகும், கத்திரி வெயிலில் 200ஐத் தொடும். 2024 ஏப்ரலில் இந்தச் செயலியை எடுத்தேன். அதற்கு முன் ஒரு நீள நோட்டு, ஒரு போன், என் ஞாபகசக்தி, இவ்வளவுதான். என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை, இந்த மாதிரி செயலிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், அதுவே ஒரு வண்டிக்கு ஒதுக்கும், வாடிக்கையாளருக்குப் படிப்படியாகச் செய்தி போகும்.

அந்தச் செய்தியில்தான் வம்பு.

முதல் வாரமே மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார். பதினோரு வருடமாக நம்மிடம் வாங்குபவர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "ஏம்ப்பா, வண்டி புறப்பட்டுச்சுன்னு காலைல ஏழு மணிக்கு மெசேஜ் வந்துது. இப்ப மணி பத்தரை. நடந்து வந்தாக்கூட வந்திருக்கலாமே? பொய் சொல்ற பழக்கம் உனக்குக் கிடையாதே!" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய கேன் கடை வாசலில் அடுக்கில் இருந்தது.

நடந்தது இதுதான். செயலி ஓர் ஆர்டரை ஒரு வண்டிக்கு ஒதுக்கிய அந்த நொடியே "உங்கள் ஆர்டர் புறப்பட்டது" என்று அனுப்பிவிடும். காலை ஏழு மணிக்கு இரவு சேர்ந்த ஆர்டர் முப்பதையும் மொத்தமாக ஒதுக்குவேன். முப்பது வீட்டுக்கும் ஒரே நேரத்தில் 'புறப்பட்டது' போகும். குட்டி யானை முக்கால் டன் தாங்கும். நிரம்பிய கேன் ஒன்று 21 கிலோ வரும். ஒரு நடைக்கு 35 கேன், அதற்கு மேல் ஏற்றினால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும். முதல் வீட்டுக்கு ஏழரை மணிக்குத் தண்ணீர் போனால் முப்பதாவது வீட்டுக்குப் போகும்போது பதினொன்றாகிவிடும். அந்த முப்பதாவது வீட்டுக்காரர் நான்கு மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நோட்டு இருந்த காலத்தில் "காலைல வரும்மா" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருப்பேன், பதினொரு மணியும் காலைதான். இப்போது என் கடை பெயர் போட்டு, என் போட்டோவும் போட்டு, ஒரு பொய் போகிறது.

ஏன் இப்படி என்று யோசித்தால் புரியாமல் இல்லை. இது ஓட்டல் சாப்பாடு கொண்டுபோகும் தொழிலை மனதில் வைத்துச் செய்தது. அங்கே ஒரு பையன், ஒரு பொட்டலம். ஒதுக்கிய ஐந்தாவது நிமிடம் வண்டி கிளம்பிவிடும், ஒதுக்குவதும் புறப்படுவதும் ஒன்றுதான். நமக்கு அப்படியா? ஏற்ற வேண்டும், கயிறு கட்ட வேண்டும், மூடி கசிகிறதா பார்க்க வேண்டும். ஒதுக்கீடு ஒரு படி, ஏற்றியாயிற்று என்பது அடுத்த படி, கிளம்பியது மூன்றாவது படி. நடுவில் ஒரு பொத்தான் வையுங்கள் என்று ஐந்து முறை எழுதிப் போட்டேன். ஐந்து முறையும் "உங்கள் கருத்து எங்கள் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியும் ஒதுக்கிய நொடியே போகிறது போலிருக்கிறது.

மற்ற குறைகளை நானே சரிசெய்துகொண்டேன் என்பதால் அவற்றின் மேல் கோபமில்லை. எடுத்த புதிதில் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்பதை நேர்கோட்டில் அளந்து ஒதுக்கியது. கடலூரில் நேர்கோடு செல்லாது, நடுவில் கெடிலம் ஆறு ஓடுகிறது. எங்கள் பக்கக் கரையில் நிற்கும் ஆட்டோவுக்கு எதிர்க்கரை வீடு அரை கிலோமீட்டர் என்று காட்டும். அனுமார் மாதிரி தாண்டினால் அரை கிலோமீட்டர்தான். அண்ணா பாலம் போய்ச் சுற்றி வந்தால் தெரியும் சேதி. அதேபோல் ஆர்டரைத்தான் எண்ணும், கேனை எண்ணாது. முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு 30 கேன் என்பதும் அதற்கு ஓர் ஆர்டர், மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு கேன் என்பதும் ஓர் ஆர்டர். இரண்டையும் ஒரே லோடு ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு "வேலை சமமாகப் பிரிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு வரவில்லை.

ஆற்றைத் தாண்டச் சொல்லும் குறை சரியானது வெள்ளத்தின்போது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் தண்ணீர். ஊரைச் சுற்றித் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் வண்டி ஆல்பேட்டையைத் தாண்ட முடியவில்லை. செயலி மட்டும் விடாமல் அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தது, புறப்பட்டது, புறப்பட்டது என்று. பொறுக்க முடியாமல் தானியங்கி ஒதுக்கீட்டை அணைத்தேன். அப்போதுதான் அமைப்புகளுக்குள் பகுதி வரையும் வசதி இருப்பதே கண்ணில் பட்டது. வரைபடத்தில் விரலால் மூன்று வேலி போட்டேன். கெடிலத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, முதுநகர் தனியாக ஒன்று. ஒவ்வொரு வேலிக்கும் ஒரு ஆள். அன்றிலிருந்து ஆற்றைத் தாண்டச் சொல்வது நின்றது. ஆள் மாறாமல் ஒரே முகம் வருவதால் வாடிக்கையாளர்களுக்கும் நிம்மதி. எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் பின்வாசல், எந்த வீட்டில் கேனைத் தூக்கி மேலே கவிழ்த்துவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியும். ஆரம்பத்தில் செயலி யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை அனுப்பியது. தனியாக இருக்கும் ஒரு பாட்டி புது ஆளுக்குக் கதவே திறக்கவில்லை. அவர் செய்தது சரி.

நேரக் கணிப்பு பற்றி ஒரு வரி போதும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்குப் பதினான்கு நிமிடம் என்று சொன்னது. ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரையில் நிற்கிறது, இவர் பதினான்கு நிமிடத்தில் போய்விடுவாராம்.

காலி கேன் கணக்குக்கு இதில் இடமே இல்லை. நம் தொழிலில் பாதிக் காசு வெளியே கிடக்கும் காலி கேனில்தான் இருக்கிறது. 'காலி கேன்' என்று பூஜ்ய ரூபாய்க்கு ஒரு பொருளைச் சேர்த்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

இனி நல்லது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு திட்டிவிட்டேனே என்று.

எல்லோரும் பெருமையாகச் சொல்வது வரைபடத்தில் வண்டி நகர்வதைப் பார்ப்பது. எனக்கு அது உபத்திரவமாகத்தான் இருந்தது. மலிவு போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் செயலியை அதுவே நிறுத்திவிடும். வண்டி கூத்தப்பாக்கத்தில் கேன் இறக்கிக்கொண்டிருக்கும்போது புள்ளி வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். சரியாக வேலை செய்தாலும் வேறு தொல்லை. "உங்க ஆளு டீக்கடையில இருபது நிமிஷமா நிக்கிறாரு" என்று ஒருவர் எனக்கே போன் செய்தார். குட்டி யானை ஓட்டும் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை நாற்பது கேன் மாடி ஏற்றியிருந்தார். "நான் டீ குடிக்கிறதையும் பார்க்கிறாங்களா தம்பி?" என்று கேட்டபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றே வரைபடத்தை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன்.

மறைத்த இடத்தில் என்ன காட்டுவது என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தச் செயலியின் உருப்படியான ஒரே சரக்கு. நான்காவது திரையில், யார் கண்ணிலும் படாத மூலையில், 'உங்களுக்கு முன் உள்ள நிறுத்தங்கள்' என்று ஒன்று. அதைத் தட்டிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு எண் தெரியும். உங்களுக்கு முன் 9 வீடு. கொஞ்ச நேரம் கழித்து 6 வீடு. பிறகு 2.

அந்த ஒரு எண் செய்த வேலையை என் பதினைந்து வருடச் சமாதானப் பேச்சு செய்ததில்லை. ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிய பிறகு மனசு அமைதியாகிவிடுமே, அதுபோல. நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்தால் காத்திருக்க யாருக்கும் சங்கடமில்லை. நடுவில் யாரும் புகுந்துவிடவில்லை என்று தெரிந்தால் போதும். முன்பெல்லாம் "எங்க வருது?" என்று ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். இப்போது பத்தைத் தாண்டுவதில்லை. எண்ணைப் பார்த்துக் குளிக்கப் போகிறவர்கள், கடைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்து கேன் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அது எனக்கு டீசல். மஞ்சக்குப்பத்து டீச்சரம்மா இப்போது என்னிடம், "எனக்கு முன்னாடி நாலு வீடுன்னு காட்டுது, இட்லி ஊத்திட்டு வந்துடறேன், வரச்சொல்லு" என்கிறார். கடைசியாக வந்த கோடையில் வாடிக்கையாளர் ஒருவரும் விட்டுப்போகவில்லை. கேன் விலையை ஐந்து ரூபாய் ஏற்றிய கோடை அது.

ஆனால் அந்த எண் உண்மை சொல்ல வேண்டுமென்றால் 'புறப்பட்டது' பொய் சொல்லக்கூடாது. ஒன்று "வண்டி வழியில் இருக்கிறது" என்கிறது, இன்னொன்று "முன்னால் 29 வீடு" என்கிறது, இரண்டும் ஒரே திரையில். அதனால் நான் கண்டுபிடித்த வழி, ஏற்றி முடித்த பிறகே ஒதுக்குவது, அதுவும் எட்டு எட்டு வீடாக. இதற்கு ஒரு ஆள் போனோடு வாசலில் உட்கார வேண்டும். அந்த ஆள் என் மனைவி. தானாக ஒதுக்கும் செயலிக்கு மாதம் பணம் கட்டி, கையால் ஒதுக்க வீட்டில் ஒருவரைச் சம்பளமில்லாமல் வைத்திருக்கிறேன். "நோட்டு இருந்தப்ப நான் காலைல பேப்பராவது படிச்சேன்" என்று அவள் சொல்வதில் தவறே இல்லை.

நெல்லிக்குப்பத்து நண்பருக்கு என் பதில்: எடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு வண்டி, ஐம்பது அறுபது வீடு. வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டு, முன்னால் எத்தனை வீடு என்று கையாலேயே தட்டிவிட்டாலே பாதி வெற்றி. 899 என்ன, 99 ரூபாய்க்குக் கொடுத்தாலும் ஒதுக்கீட்டுக்கும் கிளம்புதலுக்கும் நடுவே அந்தப் பொத்தான் வரும்வரை தொடாதீர்கள். நான்? நான் முந்தாநாள்தான் அடுத்த ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். அதைக் கேட்காதீர்கள், அது வேறு விஷயம். அந்த எண்ணை இனி நிறுத்தினால் டீச்சரம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

சோதித்துப் பார்ப்பதற்காக என் வீட்டையும் வாடிக்கையாளராகப் பதிந்து வைத்திருக்கிறேன். மனைவி இன்று தங்கை வீட்டுக்குப் போயிருப்பதால் காலையில் நானே மொத்தமாக ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். போன் அடித்தது. "உங்கள் கேன் புறப்பட்டது" என்று என் சிரித்த முகம் போட்டு எனக்கே வந்திருக்கிறது. கேன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல்தான் டீ தம்ளரை வைத்திருக்கிறேன்.