இரண்டு பெண்கள், ஒரு வாடகை வீடு: பாலியல் தொழில் சட்டங்கள் ஓர் ஒப்பீடு

பாலியல் தொழில் சட்டங்களை "தடையா, அனுமதியா" என்று மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரிதாக எதுவும் பிடிபடாது. வேறொரு கேள்வி வைத்துப் பார்க்கலாம். வயதுவந்த இரண்டு பெண்கள், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார்கள். ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் வெளி அறையில் இருப்பாள். வந்தவன் கை ஓங்கினால் குரல் கொடுத்தால் போதும். ஒரு நாள் ஒருவன் கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்துப் போகிறான். இவர்கள் போலீசுக்குப் போகலாமா? போனால் என்ன ஆகும்?

இந்தியாவில் போகாமல் இருப்பதே அவர்களுக்கு லாபம். இங்கே பாலியல் தொழில் தன்னளவில் குற்றமல்ல. ஆனால் 1956-ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம், இரண்டு பேர் தங்கள் பரஸ்பர ஆதாயத்துக்குப் பயன்படுத்தும் அறையையும் 'விபச்சார விடுதி' என்கிறது. புகார் கொடுக்கப் போனவர்களே விடுதி நடத்தியவர்களாகி, 3-ஆம் பிரிவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவலை எதிர்கொள்ள நேரலாம். 4-ஆம் பிரிவு குடும்பத்தையும் விடுவதில்லை. கூடவே வசிக்கும் 18 வயது தாண்டிய மகனோ தாயோ அவள் வருமானத்தில் வாழ்வதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. வாடிக்கையாளரை அழைத்ததற்காக 8-ஆம் பிரிவில் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் அதிகபட்சம் மூன்றே மாதம்.

ரெய்டு என்றால் இன்னும் மோசம். 'மீட்கப்பட்ட' பெண், வயதுவந்தவளாக இருந்தாலும், 17-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் உத்தரவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்கப்படலாம். அப்படி வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை பம்பாய் உயர் நீதிமன்றம் 2020-இல் விடுவித்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமோ, சோதனையின்போது அங்கே இருந்தார் என்பதற்காக மட்டும் வாடிக்கையாளர்மீது வழக்குப் போட முடியாது என்றது. ஆக, வந்தவர் வீட்டுக்குப் போகலாம். அவள் காப்பகத்துக்குப் போக வேண்டும்!

சுவீடன் 1999-இல் இதைத் தலைகீழாக்கியது. விற்பவர்மீது வழக்கில்லை, வாங்குபவர்மீதுதான். 2022 முதல் அபராதத்தோடு தப்பிக்கவும் முடியாது. சிறைதான் அடிப்படைத் தண்டனை. பழியைப் பெண் தலையிலிருந்து இறக்கிய இந்த நோக்கத்தை மதிக்காமல் இருக்க முடியாது. தெருவோரத் தொழில் பாதியாகக் குறைந்ததாக 2010-இல் வந்த அரசு மதிப்பீடு சொன்னது. ஆனால் நம் வாடகை வீடு அங்கே நிற்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தும் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரர், அந்தத் தொழிலுக்குத் துணைபோன குற்றவாளி ஆகிறார். அதனால் புகார் கொடுத்தால் சிறை இல்லை, வீடு போகும். இதே வழிக்கு 2017-இல் வந்த அயர்லாந்தில், 2019-இல் ஒரே வீட்டில் தொழில் செய்த இரண்டு பெண்களுக்கு, விடுதி நடத்தினார்கள் என்று, ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் கர்ப்பிணி.

இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. இந்தத் தொழிலில் பாதுகாப்பு என்பது ஆளை முன்கூட்டியே எடைபோடுவதில் இருக்கிறது: சொந்த எண்ணிலிருந்து பேசச் சொல்வது, காரில் ஏறுமுன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, வண்டி எண்ணைத் தோழிக்கு அனுப்புவது. மாட்டிக்கொள்வோம் என்று பயப்படும் வாடிக்கையாளர் எண்ணை மறைப்பார், பெயர் சொல்லமாட்டார், இருட்டான இடத்துக்கு வரச் சொல்வார். பயந்து ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் சாதுவானவர்கள். எஞ்சியவர்களை மறுக்க அவளுக்கு வசதியில்லை.

ஜெர்மனி 2002-இல் தொழிலைச் சட்டபூர்வமாக்கியது. 2017-இல் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கொரு மருத்துவ ஆலோசனை, இரண்டாண்டுக்கொரு சான்றிதழ் புதுப்பிப்பு. ஆணுறை தவிர்க்கும் வாடிக்கையாளருக்கு 50,000 யூரோ வரை அபராதம். தாளில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தன் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறுவதை யார் விரும்புவார்? 2019 இறுதியில் பதிவு செய்தவர்கள் சுமார் 40,400 பேர்தான். பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள் கத்திக்காரனைப் பற்றிச் சொல்லப் போனால், முதலில் சான்றிதழ் எங்கே என்ற கேள்வி வரும்.

நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நால்வர் வரை, ஒருவருக்கொருவர் முதலாளியாக இல்லாமல், உரிமச் சான்றிதழ் எதுவும் எடுக்காமல் சேர்ந்து தொழில் செய்யலாம். நம் இரண்டு பெண்களுக்கு வீடும் உண்டு, காவல் நிலையமும் உண்டு. பணம் வாங்கிய பிறகும் மறுக்கும் உரிமை 17-ஆம் பிரிவில் இருக்கிறது. பாலியல் தொல்லை கொடுத்த விடுதி நடத்துநரிடமிருந்து ஒரு பெண்ணுக்கு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வழங்க 2014-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தொழிலே குற்றமாக இருக்கும் நாட்டில் இப்படி ஒரு மனு பதிவாகக்கூட வழியில்லை. குறை, 19-ஆம் பிரிவு: தற்காலிக விசாவில் வந்தவர் இந்தத் தொழில் செய்தால் நாடுகடத்தப்படலாம். அந்தப் பெண் அங்கேயும் வாயைத் திறக்கமாட்டாள். அது நீக்கப்பட வேண்டும்.

எங்கள் தேர்வு நியூசிலாந்து வழிதான். அதை இந்தியாவுக்கு அப்படியே தூக்கி வரத் தேவையில்லை. விடுதி வரையறையில் 'பரஸ்பர ஆதாயம்' என்ற பகுதி, 4-ஆம் பிரிவின் அனுமானம், 8-ஆம் பிரிவு, சம்மதமில்லாமல் வயதுவந்தவரை அடைத்துவைக்கும் அதிகாரம் ஆகிய நான்கையும் நீக்கினால் போதும். ஆள் பிடித்துக்கொடுக்கும் தரகரைத் தண்டிக்கும் 5-ஆம் பிரிவும், அடைத்துவைப்பவரைத் தண்டிக்கும் 6-ஆம் பிரிவும் அப்படியே இருக்கும். ஆள் கடத்தலுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா எனும் குற்றவியல் சட்டம்) 143-ஆம் பிரிவு, கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே பாலியல் சுரண்டலில் ஈடுபடுபவருக்கு 144 ஆகியவையும் இருக்கும். கடத்தல்காரருக்கு இதில் ஒரு சலுகையும் கிடையாது.

சட்டம் மாறும்வரை கையில் இருப்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 மே 19 உத்தரவு. ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக்கூடாது. முகவரிச் சான்று இல்லாமலும் ஆதார் தர வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். ரெய்டில் சிக்கியவரின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் எல்லையைக் காரணம் காட்டாமல் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு. மறுத்தால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.