தங்கை கல்யாணப் படங்களை விழுங்கிய 28 வெள்ளி மெமரி கார்டு

பினாங்கில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், அதிலும் படக்காரர் வைக்காமல் வீட்டுப் பிள்ளைகளை வைத்தே படம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். தாலி கட்டிய படம் ஒன்றுகூட எங்கள் கேமராவில் மிஞ்சவில்லை. படம் எடுத்தவன் மேல் தவறே இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் வாங்கிய போலி மெமரி கார்டுதான் காரணம்.

படக்காரர் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்டார். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பிறகு அப்பாவிடம் அவ்வளவு இல்லை. சித்தி மகனுக்குப் படம் எடுப்பதில் நல்ல கை. சொந்தமாக 24 மெகாபிக்சல் கேமராவும் வைத்திருக்கிறான். "நான் எடுக்கிறேன் அக்கா, என்னை நம்புங்கள்" என்றான். நம்பினோம். அந்த நம்பிக்கையை அவன் காப்பாற்றவும் செய்தான்.

இரண்டு நாள் முன்னாலேயே, முகூர்த்த நேரம் எதுவோ அதே நேரத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். என்னை மணவறையில் உட்கார வைத்து எடுத்துப் பார்த்தான். அலங்காரக்காரர் வைத்திருந்த ஊதா விளக்கில் என் முகம் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது. அவரிடம் பேசி, தாலி கட்டும் பத்து நிமிடம் மட்டும் அந்த விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கைப் போடச் சொன்னான். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாரும் அட்சதையோடு எழுந்து நிற்பார்கள், கைப்பேசியை வேறு தூக்குவார்கள். கீழே நின்றால் முதுகுதான் தெரியும் என்று மணவறையின் ஓரமாகவே ஓர் இடம் பார்த்து வைத்தான். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் நாத்தனார் பின்னால் வந்து மீதி இரண்டு முடிச்சுப் போடுவார் இல்லையா, அவர் கையும் தங்கை முகமும் ஒன்றாகத் தெரியும் இடம் அது. அட்சதை கோடு கோடாக இழுபடாமல் இருக்க ஷட்டர் வேகம் 1/200 வினாடி அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும் என்று கையில் எழுதியே வைத்துக்கொண்டான். காசு வாங்குகிறவர்கூட இவ்வளவு பார்ப்பாரா, தெரியாது.

கார்டு மட்டும் நான் வாங்கினேன். அவனிடம் இருந்தது சின்னது, பெரிதாக ஒன்று வேண்டும் என்றான். கைப்பேசி உறை, சார்ஜர் எல்லாம் விற்கும் கடை. பிரபல பிராண்டின் பெயர் அச்சடித்த அட்டையில் 128 ஜிபி, விலை 28 வெள்ளி. மற்ற கடைகளில் இதே கார்டு இரண்டு மடங்குக்கு மேல். சந்தேகப்பட்டுக் கேட்டேன். "ஒரிஜினல்தான் அக்கா, சப்ளையர்கிட்ட நேரா எடுக்கிறோம்" என்றார் கடைக்காரர். கேமராவில் போட்டுப் பார்த்தோம். 128 ஜிபி என்றே காட்டியது. சரி என்று விட்டுவிட்டோம்.

கல்யாணத்தன்று மொத்தம் 1,340 படம். ஒவ்வொன்றும் எடுத்தவுடன் கேமராத் திரையில் அழகாகத் தெரிந்தது, நானே எட்டி எட்டிப் பார்த்தேன். ராத்திரி வீட்டில் மடிக்கணினியில் போட்டோம். மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. தங்கை கூரைப்புடவை கட்டிக்கொண்டு பாட்டி காலில் விழுந்தது இருந்தது. சுமார் 450-ஆவது படத்துக்கு அப்புறம் எல்லாம் சாம்பல் நிறம். கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் வெறும் சாம்பல் கட்டம். சித்தி மகன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். 900 தாண்டியதும் எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். பிள்ளை அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கோலாலம்பூரில் டேட்டா மீட்டுத் தருபவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர்தான் விளக்கினார். உள்ளே இருப்பது 16 ஜிபி சில்லு. அதன் கன்ட்ரோலரில், அதாவது கார்டை இயக்கும் பகுதியில், 128 என்று பொய் எழுதி வைத்திருக்கிறார்கள், கேமரா அதை அப்படியே நம்பும். ஒவ்வொரு படத்தையும் ரா (சுருக்காத மூலக் கோப்பு), ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படம்) இரண்டாகவும் சேர்த்து எடுத்ததால் ஒரு படம் கிட்டத்தட்ட 35 எம்பி. கணக்குப் போட்டால் 450-இல் 16 ஜிபி முடிந்துவிடும். அதற்கு மேல் வந்தது எங்குமே பதியவில்லை. எடுத்தவுடன் திரையில் தெரிந்தது கேமராவின் தற்காலிக நினைவிலிருந்து வந்தது, கார்டிலிருந்து இல்லை. அழித்த படமாக இருந்தால் மீட்டுவிடலாம், எழுதப்படாத படத்தை எங்கே போய்த் தேட?

கடைக்குப் போனேன். "உங்க கேமராதான் பழசு அக்கா. அட்டையைக் கிழிச்சிட்டீங்க, இனி மாத்த முடியாது" என்றார். ரசீதில் பொருளின் பெயரே இல்லை, 'அக்சசரி' என்று மட்டும் இருந்தது. அதை வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கினால் பிராண்டு, அளவு இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

சோதிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. விண்டோஸ் கணினிக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கு எஃப்3 என்று இலவச மென்பொருள் உண்டு. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கினால் காலையில் உண்மை தெரிந்துவிடும். கேமரா காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது கார்டு சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். நாங்கள் மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் கார்டை மாற்றியிருந்தால்கூடத் தாலிகட்டு தப்பியிருக்கும். ஒரே 128-க்குப் பதில் நான்கு 32 ஜிபி வைத்துக்கொண்டு, சடங்குக்குச் சடங்கு மாற்றுங்கள். எடுத்து முடித்த கார்டை ஒருவர் உடனே மடிக்கணினியில் ஏற்றி, திறந்தும் பார்க்கட்டும்.

இன்னொன்று. சொந்தக்காரர்களின் கைப்பேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் அந்த வாரத்துக்குள். நாங்கள் கேட்பதற்குள் இரண்டு பேர் இடம் இல்லை என்று அழித்துவிட்டார்கள். இப்போது எங்களிடம் இருக்கும் ஒரே தாலிகட்டுப் படம் பெரியம்மா எடுத்தது. யாரோ ஒருவரின் தோள் பாதியை மறைக்கிறது. தங்கையின் நெற்றிச்சுட்டியும் நாத்தனாரின் வளையலும் தெரிகின்றன.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கப்போகிறேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனேன், அதே அட்டை அதே கண்ணாடிப் பெட்டியில் தொங்குகிறது. உங்களில் யாராவது ஜார்ஜ்டவுனில் இப்படி வாங்கி ஏமாந்திருந்தால் கார்டையும் கிழிந்த அட்டையையும் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள். எந்தக் கடை என்று இங்கே எழுத வேண்டாம். தனியாகப் பேசுவோம்.