குதிரை வண்டிப் பந்தயத்துக்கு அமர்த்திய வர்ணனையாளர்

சாயல்குடிக்குக் கிழக்கே கடலோரச் சாலையில், கோயில் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊர் நடத்திய குதிரை வண்டிப் பந்தயத்துக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் இருக்கும் ஒரு வர்ணனையாளரை அமர்த்தினோம். பேசிய தொகை 6,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு மேலாகவே அவர் உழைத்தார் என்பதை விழாக் குழுவில் ஒருவனாக இருந்து பார்த்தேன்.

காலை ஆறு மணிக்கே வந்தவர் மைக்கைத் தொடவில்லை. உடைமர நிழலில் கட்டியிருந்த ஒவ்வொரு குதிரையிடமும் போய் நின்று, நெற்றிச் சுழி, கால் வெள்ளை, சாரதியின் தலைத்துண்டு நிறம், உரிமையாளரின் ஊர் ஆகியவற்றை ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு அயர்லாந்து வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் நினைவுக்கு வந்தார். 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த, குதிரைகள் தடுப்புகளைத் தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் 23ஆவது தடுப்பருகே குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குழம்பி நிற்க, எவரும் பொருட்படுத்தாத ஃபாய்னவன் என்ற குதிரை மட்டும் தாண்டிப் போனபோது, அவர் அதன் பெயரை உடனே சொன்னார். தமக்குப் பழக்கமில்லாத அந்த ஜாக்கிச் சட்டை நிறம் எந்தக் குதிரையுடையது என்று பந்தயத்துக்கு முன்பே ஜாக்கிகளின் அறைக்குப் போய்க் கேட்டு வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

எங்கள் பந்தயத்திலும் அப்படி ஒரு கட்டம் வந்தது. பந்தய வண்டிகளோடு போன ஜீப்பில் பின்புறம் திரும்பி உட்கார்ந்து, கடற்காற்று இரையாதபடி மைக்கின் மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பேசி வந்தவர், எல்கை எனப்படும் திரும்பும் இடத்தில் இரண்டு செவலைக் குதிரைகள் புழுதிக்குள் ஒன்றாகத் திரும்பியபோது, ‘முன்கால் இரண்டும் வெள்ளை, கடலாடி வண்டி முந்துகிறது’ என்றார். எல்கை நடுவர் எழுதி வைத்திருந்ததும் அதுவே. ஜீப்பிலிருந்து அலைபேசி வழியாக மேடைக்கு வந்துகொண்டிருந்த குரல் நடுவில் இரண்டு நிமிடம் அறுந்துவிட்டது. தொடர்பு மீண்டதும் அதுவரை யார் யார் எந்த இடத்தில் வந்தார்கள் என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொன்ன பொறுப்பு என் மனத்தைத் தொட்டது.

குறை ஒன்று உண்டு. சின்னக் குதிரைப் போட்டியில் நன்கொடையாளர் பெயர்களை அவர் நீட்டி வாசித்துக்கொண்டிருந்ததால், மூன்றாம் இடத்துக்கு நடந்த கடும் போட்டி கூட்டத்தின் காதுக்கு எட்டாமலே முடிந்தது. அந்தச் சாரதிக்கு அது பெரிய இழப்பு. நன்கொடைப் பட்டியலைப் பந்தயங்களுக்கு இடையில் மட்டும் வாசிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டிகளின் பட்டியலையும் முந்தின நாள் மாலையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.