பத்தாவதுக்கு அப்புறம்: பிளஸ் டூவா, டிப்ளமோவா?

பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவது முடித்துவிட்டு முழிக்கிறான்.

பிளஸ் டூ 2 வருஷம். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாதவனுக்கு அதுதான் சரி.

தரமணி மத்திய பாலிடெக்னிக் மாதிரி இடத்தில் டிப்ளமோ 3 வருஷம். முடித்ததும் வேலைக்குப் போகலாம். இல்லையா, பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பி.இ. முடிக்க 3 + 3, ஆக மொத்தம் 6 வருஷம். பிளஸ் டூ வழியிலும் 2 + 4, அதே 6தான். இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை! டாக்டர் ஆசை இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

இவன் பழைய மிக்ஸியைப் பிரித்து மாட்டுகிறவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். இரும்பைக் கடையும் லேத் மெஷின் பக்கத்திலேயே அரை நாள் நின்றான். “வெர்னியரை நான் பிடிக்கட்டுமா அண்ணா?” என்று அளவு பார்க்கும் கருவியைக் காட்டிக் கேட்டான்.

அவனை டிப்ளமோவில் சேர்க்க அவன் அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.